வேனில் மிகுந்த ஆண்டின் முந்திரிகை மது

காலஞ் செல்லக் கெடுவன பல. காலத்தால் நலம் பெறுவன சில. முந்திரிகைச் சாற்றைப் புளிக்கவைத்துப் பெறும் மது இவ்விரு தன்மையும் உடையது. அது சில காலம் வளர்ந்து, சில காலம் நிலைநின்று, பின்னர்த் தேய்கின்றது. வளர்ச்சியும் தேய்வும் எல்லா ஆண்டின் மதுவுக்கும் ஒரு தன்மையவல்ல. பழங்கொய்த ஆண்டைப் பிரெஞ்சு மக்கள் புட்டியின்மேற் பொறித்தல் இதுபற்றியே. வேனில் மிகுந்த ஆண்டின் மதுவை நிலவறையில் எத்துணைக் காலம் வைத்திருத்தல் தகும் என்பது அந்நாட்டில் நெடுங்காலமாக ஆராயப்படும் வினாவாகும். உரிய காலத்துக்கு முன் திறந்த புட்டியை மீள மூடுதல் இயலாது. காலங்கடந்து திறந்ததற்கோ இளமை மீளாது. ஆதலின் இவ்வினா எளியதன்று.

இதற்கு விடை பழத்தின் இயல்பிலே தொடங்குகின்றது. பழம் முதிருங்காற் சருக்கரை பெருகும், அமிலம் குறையும். முந்திரிகையிலுள்ள அமிலங்களுட் சிறந்தவை தாத்தாரிக்கமிலம், மலிக்கமிலம் என்னும் இரண்டாம். இவற்றுட் பின்னையது பழத்தின் சுவாசத்திலே செலவாகும். வெப்பம் மிகுந்தால், இரவும் புழுக்கமாயிருந்தால், அச்செலவு விரைவுறும். மறுபுறத்தே, சாற்றில் லீற்றருக்கு 17 கிராம் சருக்கரை மிகுந்தால் மதுவில் அற்ககோல் ஏறத்தாழ நூற்றுக்கு ஒரு கூறு மிகும். எனவே, வெப்ப ஆண்டின் மது அற்ககோல் மிகுந்தும் அமிலம் குன்றியும் அமைகின்றது.

அமிலம் மதுவின் காவலாகும். அது குன்றிய இடத்து நுண்ணுயிர்கள் எளிதிற் பெருகும். மதுவைக் காக்கச் சேர்க்கும் கந்தகவீரொட்சைட்டும் தன் வலியிற் பெரும்பகுதியை இழக்கும். இதனால், வெப்ப ஆண்டின் மது விரைவில் மாளும் என்பது பழைய கொள்கை. ஆயின் காவல் அமிலம் ஒன்றேயன்று. செம்மதுவிலே பழத்தோலிலும் விதையிலுமிருந்து வரும் தனின் என்னும் துவர்ப்பொருள் ஒட்சிசனை ஏற்று மதுவைக் காக்கின்றது. ஆண்டுகள் செல்ல அது நிறப்பொருளோடு கூடித் திரண்டு வண்டலாய்ப் படிகின்றது; கடுந்துவர்ப்பும் மென்மையாகின்றது. வெப்பத்தாற் சிறுத்துத் தோல் தடித்த பழத்தில் இப்பொருள் மிகுதியாயிருத்தல் கூடும்.

வரலாறும் பழைய கொள்கையை முற்றும் ஆதரிக்கவில்லை. போர்தோ நாட்டில் 1947ஆம் ஆண்டு வேனில் மிக்கது. அவ்வாண்டின் செவால் பிளாங் மதுவிலே சருக்கரை முழுதும் புளித்து முடியவில்லை. அற்ககோல் நூற்றுக்கு 14ஐக் கடந்தது. ஆவியாகும் அமிலமும் மிகுந்திருந்தது. நூல்முறைப்படி இவை குற்றங்களே. எனினும் அம்மது பல பதின்ம ஆண்டுகள் நிலைத்து, அந்நூற்றாண்டின் தலைசிறந்த மதுக்களுள் ஒன்றெனப் போற்றப்பட்டது. 1959, 1982 ஆகிய ஆண்டுகளின் மதுவும் அமிலக் குறைவால் நீடியாது எனச் சிலர் ஐயுற்றனர். அவற்றுட் சிறந்தவை அவ்வையத்தைப் பொய்யாக்கின.

ஆயின் வெப்பம் ஓரளவைக் கடப்பின் நன்மை தீமையாகும். 2003ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்திலே ஐரோப்பாவைக் கடும்வெப்பம் வாட்டியது. போர்தோவிற் சில தோட்டங்களில் வெள்ளைப் பழங்கள் அம்மாதத்தின் நடுவிலேயே கொய்யப்பட்டன. கடும்வெயிலிலே கொடி நீரிழப்பை அஞ்சி இலைவாய்களை மூடிக்கொள்ளும், ஒளித்தொகுப்புத் தடைப்படும். பழம் வற்றுதலாற் சருக்கரை செறியும். துவர்ப்பொருளோ முதிராது நிற்கும். அத்தகைய மது இளமையிலே காய்ந்த பழத்தின் மணமும், பின்னர் வறண்ட கசப்பும் உடையதாகும். அவ்வாண்டிலே நீரைத் தேக்கும் களிமண் கலந்த சென் எஸ்தேப் பகுதி நன்மது தந்தது. நீர் விரைந்து வடியும் பரல்நிலங்களும், வேர் ஆழஞ் செல்லாத இளங்கொடிகளும் இடருற்றன. முன்னரே முதிரும் மேர்லோ இனத்தினும் பின்னர் முதிரும் கபர்னே சோவிஞ்ஞோன் இனம் வெப்பத்தை நன்கு தாங்கிற்று. எனவே ஆண்டை மட்டும் நோக்கி மதுவின் ஆயுளைக் கணித்தல் பிழை; நிலமும் கொடியும் இனமும் உடன் நோக்கத்தக்கன.

இவற்றால் நுகர்வுக்குரிய முறை பெறப்படும். வெப்ப ஆண்டின் உலர் வெண்மது, துவர்ப்புக் காவலும் இன்மையால், சில ஆண்டுகளுள் அருந்தத்தக்கது. எளிய செம்மதுவும் அத்தகையதே. நன்னிலத்துச் செம்மது இளமையிலேயே இனிமை காட்டும். அவ்வினிமையே முதிர்வென மயங்கலாகாது. ஒரே மதுவிற் பல புட்டிகள் உடையோர், எட்டு அல்லது பத்தாம் ஆண்டளவில் ஒன்றைத் திறந்து சுவைத்துப் பின் சில ஆண்டுக்கு ஒன்றாக ஆராய்தலே தக்கது. பழச்சுவை தளர்ந்து அற்ககோலின் காரம் மேலோங்குமாயின், எஞ்சியவற்றைத் தாமதியாது அருந்துதல் வேண்டும். நிலவறையின் வெப்பநிலை 12 அல்லது 13 பாகை சென்ரிகிரேட்டில் மாறாதிருத்தலும், தக்கை உலராதபடி புட்டி கிடையாக வைக்கப்படுதலும் இன்றியமையாதன. அமிலக்காவல் குன்றிய மது நிலவறையின் குறைகளைப் பொறுக்காது.

பேர்கண்டியிலுள்ள போன் நகரத்தில் 1354 முதலான அறுவடை நாட்கள் ஆராய்ந்து தொகுக்கப்பட்டுள்ளன. 1987 வரை சராசரியாகச் செப்டெம்பர் 28இல் தொடங்கிய அறுவடை, 1988 முதல் 2018 வரையுள்ள காலத்தில் 13 நாள் முந்திவிட்டது. அருமையாய் வந்த வேனில் ஆண்டு வழக்கமாகிவிட்டது என்பதே இதன் பொருள். தந்தையர் குளிர்ந்த ஆண்டுகளைக் கொண்டு வகுத்த நிலவறைக் கணக்கு மைந்தர்க்கு முற்றும் பொருந்தாது. இனிப் புட்டியின்மேற் பொறித்த ஆண்டினும், புட்டியினுள் உள்ள மதுவே சிறந்த சான்றாகும்.