பின்சில்லையும் பாருங்கள்

அலைன்மென்ட் என்றால் பல கராஜ்களில் முன்சில்லுகளை மட்டும் திருத்தி அனுப்பிவிடுவார்கள். என்னிடமுள்ள 1990களின் மாஸ்டா மியாட்டாவுக்கு அது போதாது. அதில் பின்சில்லுகளையும் திருத்தலாம். சில்லைத் தாங்கும் கீழ்க்கையின் உட்பக்கத்தில் அதற்கென்றே மையம் விலகிய போல்ட்டுகள் உண்டு.

பின்சில்லுகளின் முன்விளிம்பு சற்றே உள்நோக்கி நிற்க வேண்டும். வெளிநோக்கி நின்றால், மழைநாளில் வளைவில் வேகத்தைக் குறைத்ததும் காரின் பின்பக்கம் வழுக்கிச் சுழலப் பார்க்கும். முதலில் பின்சில்லு, அது காட்டும் திசையை வைத்தே முன்சில்லு.

கனடாவில் குளிர்கால உப்புத் தெருக்களில் ஓடிய காரென்றால் அந்தப் போல்ட்டுகள் துருவில் இறுகியிருக்கும். சில நாள் முன்பே துரு இளக்கும் எண்ணெய் அடித்து வையுங்கள். அசையாவிட்டால் வெட்டித்தான் எடுக்க வேண்டும், செலவு வேறு! வேலை முடிந்ததும் நான்கு சில்லுகளின் பழைய, புதிய அளவுகளை அச்சிட்ட தாளைக் கேட்டு வாங்குங்கள்.