மனைவியை அழைத்துக்கொள்ள வருமானம் எவ்வளவு வேண்டும்?

நம் இராமகுப்பத்தில் இரயில் நிலையம் இல்லை. கடல் கடந்து செல்வோரும் குப்பம் சென்றே வண்டியேற வேண்டும். கணவர் முன்னே செல்வதும், மனைவி காகிதங்களை எதிர்நோக்கி மாமியார் வீட்டில் நாட்களை எண்ணுவதும் நம் குடும்பங்களில் வழக்கமாகிவிட்டன. அக்காத்திருப்பை நீட்டும் தடைகளுள் பெரியது, அழைப்பவருடைய வருமானக் கணக்காகும். வருபவர் அரசாங்கத்துக்குப் பாரமாகலாகாது என்பதே அந்நாடுகள் கூறும் காரணம். ஆனால் அதனை அளக்கும் படி நாட்டுக்கு நாடு வேறுபடுகிறது.

தமிழர்க்கு இத்தகைய சோதனை புதிதன்று. இலங்கை 1949ஆம் ஆண்டில் இயற்றிய இந்திய பாகிஸ்தானியர் குடியுரிமைச் சட்டமும், விண்ணப்பதாரர் தக்க வருமானமோ பிழைப்பு வழியோ உடையவர் என மெய்ப்பிக்க வேண்டுமென்றது. மணமானவராயின் அவர் மனைவி அந்நாட்டில் வசித்ததற்கும் சான்று கேட்டது. தோட்டத் தொழிலாளர் அச்சான்றுகளைத் திரட்டப் பட்ட பாடு கொஞ்சமன்று.

இன்று சிங்கப்பூரில் வேலை அனுமதியின்பேரில் இருப்பவர் மனைவியை அழைத்து வாழ வேண்டுமாயின் மாதச் சம்பளம் 6,000 வெள்ளியேனும் வேண்டும். ‘வொர்க் பெர்மிட்’ பெற்று உழைக்கும் தொழிலாளிக்கோ அவ்வழி அறவே இல்லை. அந்நகரின் மாடங்களை எழுப்பும் கைகள் பல அவர்களுடையவை என்பதை எண்ணுங்கால் நெஞ்சு கனக்கிறது.

பிரிட்டன் 2012 ஜூலை 9 முதல் ஆண்டுக்கு 18,600 பவுன் என்று வரம்பு கட்டியது. (பவுன் என்றதும் நம் பெண்டிர் கழுத்துச் சங்கிலியை நினைத்தல் வேண்டா, இஃது அந்நாட்டு நாணயம்.) இதனை எதிர்த்த வழக்கில் 2017 பிப்ரவரி 22 அன்று தீர்ப்பளித்த அந்நாட்டு உச்சநீதிமன்றம், வரம்பு வைப்பது சட்டவிரோதமன்று என்றது, ஆயினும் குழந்தைகளின் நலனை விதிகள் உரியவாறு கருதவில்லை என்று குறை கண்டது. 2024 ஏப்ரல் 11 முதல் புதிய விண்ணப்பங்களுக்கு வரம்பு 29,000 பவுனாக உயர்ந்தது. வருமானமே இல்லாதார் சேமிப்பை மட்டும் காட்டுவதாயின் 88,500 பவுன் ஆறு மாதம் கைவசம் இருந்திருத்தல் வேண்டும். மனைவி இந்தியாவில் பெறும் சம்பளம் இக்கணக்கில் சேராது. நம் கருத்தில் இது கடுமையே.

கனடாவோ, மனைவியை அழைப்பவரிடம் பொதுவாக வருமான வரம்பு கேட்பதில்லை. மூன்றாண்டு காப்பாற்றுவேன் என்ற உறுதிமொழியை வாங்கிக்கொள்கிறது.

அமெரிக்காவின் முறையைச் சற்று விரிவாகக் கூறுதல் நலம். ஏனெனில், அங்கே உற்றார் உறவினரும் கையெழுத்திட நேர்கிறது. 1997 டிசம்பர் 19 முதல் ஐ-864 என்னும் ஆதரவுப் பிரமாணப் பத்திரம் நடைமுறையில் உள்ளது. வறுமைக் கோட்டுக்கு அந்நாடு ஆண்டுதோறும் வெளியிடும் தொகையில் 125 விழுக்காடு வருமானம் வேண்டும். 2025ஆம் ஆண்டில் இருவர் கொண்ட குடும்பத்துக்கு அது 26,437 டாலராக இருந்தது. ஒருவர் 20,000 டாலர் ஈட்டினால் குறைவு 6,437. அதனைச் சொத்துக் காட்டி ஈடு செய்யலாம். அழைப்பவர் அந்நாட்டுக் குடிமகனாயின் குறைவின் மூன்று மடங்கு, அதாவது 19,311 டாலர் சொத்து போதும். பச்சை அட்டை மட்டும் உடையவராயின் ஐந்து மடங்கு வேண்டும்.

அதுவும் போதாவிடில் கூட்டு ஆதரவாளர் ஒருவர் கையெழுத்திடலாம். அவர் உறவினராக இருக்க வேண்டுமென்பதில்லை. ஆனால் அமெரிக்காவில் வசிக்கும் குடிமகனாகவோ பச்சை அட்டை உடையவராகவோ இருத்தல் வேண்டும். குவைத்திலுள்ள சிற்றப்பா எத்துணைச் செல்வராயினும் இதற்கு உதவார்.

இக்கையெழுத்தை, கூட்டுறவுச் சங்கக் கடனுக்கு ஊரில் போடும் ஜாமீன் போலக் கருதுவோர் உளர். அந்த ஜாமீன் கடன் தீர்ந்ததும் தீரும். இதுவோ சட்டத்தால் கட்டுப்படுத்தும் ஒப்பந்தம். வந்தவர் குடியுரிமை பெறும் வரை, அல்லது ஏறத்தாழ பத்தாண்டு உழைப்பு அவர் கணக்கில் ஏறும் வரை நீடிக்கும். அவர் மரித்தாலும், குடியேற்ற உரிமையை விட்டு நாட்டினின்றும் நீங்கினாலும் முடியும். விவாகரத்தால் மட்டும் முடியாது. மணமுறிந்த பின்னரும் மனைவி இப்பத்திரத்தைக் காட்டி வழக்கிடலாம். கூட்டு ஆதரவாளரும் அவ்வழக்குக்கு உட்பட்டவரே. பெண்ணைப் பெற்றோர்க்கு இது காவல். கையெழுத்திடும் மாமனுக்கோ நெடுநாட் சுமை. இருபாலாரும் இதனை அறிந்து கையெழுத்திட வேண்டுமென்பதே நம் வேண்டுகோள்.

இனி, சொத்துக் கணக்கில் நம் ஊரார் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. அமெரிக்க விண்ணப்பத்தில் மனைவியின் பெயரிலுள்ள இந்திய நிலமும் வங்கி வைப்பும் சேர்த்துக்கொள்ளப்படும். ஓராண்டுக்குள் பணமாக்கத் தக்கவையாக அவை இருத்தல் வேண்டும். மதிப்பில் கடன் கழிக்கப்படும். ஆனால் இங்கே நிலம் பாட்டனார் பெயரிலேயே நின்றுவிடுவதைப் பலமுறை காண்கிறோம். பாகம் பிரித்துப் பதிவு செய்து, பட்டாதார் பாஸ் புத்தகத்தில் பெண்ணின் பெயர் ஏறுவதற்குச் சில மாதங்கள் ஆகலாம். விண்ணப்பம் தூதரகத்துக்குப் போன பிறகு இதற்காகத் தாசில்தார் அலுவலகத்துக்கு நடப்பதினும், முகூர்த்தம் குறிக்கும்போதே தொடங்கிவிடுவது எளிது.