வேலை செய்து ஊர் பார்க்கலாம், கணக்கோடு போனால்

சிங்கப்பூர் டன்லப் ஸ்ட்ரீட்டில், அப்துல் கஃபூர் பள்ளிவாசலிலிருந்து கூப்பிடு தூரத்தில் உள்ள ஒரு பயணியர் விடுதியில் வரவேற்பு மேசையைப் பார்த்துக்கொள்வது என் வேலை. அடுக்குக் கட்டில்கள், பொதுச் சமையலறை, மாடியில் துணி காயப்போட ஒரு கொடி. முதுகுப் பையோடு வருகிற பிள்ளைகளின் பாஸ்போர்ட்டைச் சரிபார்த்து, கட்டிலைக் காட்டி, பக்கத்திலுள்ள தேக்கா வட்டாரத்தில் காலை ஏழு மணிக்கே சூடான தோசை எந்தக் கடையில் கிடைக்கும் என்பதையும் சொல்லி அனுப்புவேன்.

இந்த மேசைக்கு இரண்டு கேள்விகள் அடிக்கடி வரும். ஜெர்மனியிலிருந்தோ பிரான்சிலிருந்தோ வந்த மாணவர் கேட்பது: "ஆறு மாதம் இங்கே வேலை செய்யப் போகிறேன், வாடகைக்கு அறை எங்கே தேடலாம்?" திருச்சியிலிருந்தோ மதுரையிலிருந்தோ சுற்றுலா விசாவில் வந்த தம்பி, பக்கத்தில் ஆள் இல்லாத நேரம் பார்த்துத் தாழ்ந்த குரலில் கேட்பது: "அக்கா, ஒரு மாசம் இருப்பேன். கடை கிடையில ஏதாவது வேலை கிடைக்குமா?"

இருவருக்கும் ஒரே வயது, ஒரே ஆசை. முதலாமவரிடம் அதற்கான சீட்டு இருக்கிறது, இரண்டாமவரிடம் இல்லை. அந்தச் சீட்டைப் பற்றி நம் பிள்ளைகளுக்கு யாரும் உட்கார வைத்துச் சொல்வதில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

அது என்ன சீட்டு?

இளையர்கள் வேறொரு நாட்டில் சில மாதங்கள் தங்கி, ஊரைச் சுற்றிப் பார்த்து, அந்தச் செலவுக்கு அங்கேயே வேலை செய்துகொள்ளவும் சட்டப்படி அனுமதிக்கும் ஏற்பாட்டுக்கு வொர்க்கிங் ஹாலிடே என்று பெயர். ஆஸ்திரேலியா 1975லேயே தொடங்கிவிட்டது. சிங்கப்பூரில் 2007 டிசம்பரில் வந்தது. இங்கே மனிதவள அமைச்சு கொடுக்கும் அனுமதிக்கு வொர்க் ஹாலிடே பாஸ் என்று பெயர். 18 முதல் 25 வயதுக்குள் இருக்க வேண்டும். பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருக்க வேண்டும் அல்லது பட்டம் பெற்றிருக்க வேண்டும். ஆறு மாதம் தங்கலாம், நீட்டிக்க முடியாது. வேலையைத் தேடி வைத்துக்கொண்டுதான் விண்ணப்பிக்க வேண்டும் என்பதில்லை. ஒரே நேரத்தில் 2,000 பேருக்கு மேல் கொடுக்க மாட்டார்கள்.

எந்த நாட்டுப் பிள்ளைகளுக்கு? ஆஸ்திரேலியா, பிரான்ஸ், ஜெர்மனி, ஹாங்காங், ஜப்பான், நெதர்லாந்து, நியூசிலாந்து, சுவிட்சர்லாந்து, பிரிட்டன், அமெரிக்கா. இந்தப் பத்தோடு பட்டியல் முடிகிறது. இந்தியா, இலங்கை, மலேசியா பாஸ்போர்ட்டுகளுக்கு இதில் இடமில்லை.

அந்தத் தம்பியிடம் இதை ஒளிவுமறைவு இல்லாமல் சொல்லிவிடுவேன். சுற்றுலா விசாவில் வந்தவர் இங்கே ஒரு நாள் பாத்திரம் கழுவினாலும் அது சட்டவிரோத வேலைதான். வெளிநாட்டு மனிதவள வேலை நியமனச் சட்டப்படி 20,000 சிங்கப்பூர் வெள்ளி வரை அபராதம், இரண்டு ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டும் விதிக்கலாம். வேலைக்கு வைத்தவருக்கும் தண்டனை உண்டு. "போங்க, அங்க போய் பார்த்துக்கலாம்" என்று ஊரில் பணம் வாங்கிய ஏஜெண்ட் மட்டும் எந்தச் சோதனையிலும் அகப்பட மாட்டார்.

பிழைப்புப் பயணம் வேறு, இது வேறு

என் தாத்தா நாகப்பட்டினத்தில் ராஜுலா கப்பல் ஏறி வந்தவர். வந்த மாதத்திலிருந்து ஊருக்கு மணியார்டர் அனுப்பினார். ஞாயிற்றுக்கிழமை மாலை சிராங்கூன் சாலையில் நடந்து பாருங்கள். கட்டுமானத் தளத்திலும் கப்பல் பட்டறையிலும் ஆறு நாள் உழைத்த தம்பிமார் பணம் அனுப்பும் கடை வாசலில் வரிசையில் நிற்பார்கள். பலருக்கு இங்கே வந்து சேர வாங்கிய கடனே இன்னும் அடைந்திருக்காது. கடல் கடப்பது என்றால் குடும்பத்துக்குச் சம்பாதிப்பதற்கு என்பது நம் வீடுகளில் ஊறிப்போன எண்ணம். அந்த உழைப்பை நான் கையெடுத்துக் கும்பிடுகிறேன்.

வொர்க்கிங் ஹாலிடே அந்தக் கணக்கில் சேராது. இதில் வரும் சம்பளம் பயணத்துக்கே போய்விடும்: வாடகை, சாப்பாடு, பஸ் டிக்கெட், அடுத்த ஊர். மிஞ்சினால் லாபம். வீட்டுக்கு மாதாமாதம் அனுப்ப வேண்டிய பொறுப்பு இருப்பவருக்கும், வட்டிக்கு வாங்கித்தான் கிளம்ப முடியும் என்பவருக்கும் இது ஏற்றதல்ல. இந்த ஒரு விஷயத்தை வீட்டில் எல்லாரும் உட்கார்ந்து பேசித் தெளிவாக்கிய பிறகே மற்ற ஏற்பாடுகளில் இறங்க வேண்டும்.

இந்தியப் பாஸ்போர்ட்டுக்குத் திறந்த இரண்டு கதவுகள்

சிங்கப்பூர்ப் பட்டியலில் இந்தியா இல்லை என்றதும் முகம் வாடும் பிள்ளைகளிடம் அடுத்துச் சொல்வது இதைத்தான்.

ஒன்று, ஆஸ்திரேலியா. 462 என்ற எண் கொண்ட வொர்க் அண்ட் ஹாலிடே விசாவில் 2024 செப்டம்பர் முதல் இந்தியாவும் சேர்ந்திருக்கிறது. இரு நாட்டு வர்த்தக ஒப்பந்தத்தின் வழியே வந்த வாய்ப்பு இது. ஆண்டுக்கு 1,000 பேர். வயது 18 முதல் 30 வரை. பள்ளிப் படிப்புக்குப் பிறகு குறைந்தது இரண்டு ஆண்டு உயர்கல்வி முடித்திருக்க வேண்டும். ஆங்கிலம் தெரியும் என்று தேர்விலோ வேறு சான்றிலோ காட்ட வேண்டும். கையில் சுமார் 5,000 ஆஸ்திரேலிய டாலர் இருக்க வேண்டும். விண்ணப்பிக்கும் முன் குலுக்கலில் பெயர் வர வேண்டும். அதில் பதிவு செய்ய 25 டாலர். ஒரு ஆண்டு தங்கலாம். வட பகுதியிலோ ஒதுக்குப்புற ஊர்களிலோ பண்ணை போன்ற குறிப்பிட்ட வேலைகளை மூன்று மாதம் செய்தால் இரண்டாம் ஆண்டுக்கும் விண்ணப்பிக்கலாம்.

இரண்டு, பிரிட்டன். இந்திய இளம் தொழில்முறையாளர் திட்டம் 2023 பிப்ரவரியில் தொடங்கியது. ஆண்டுக்கு 3,000 இடம், வயது 18 முதல் 30 வரை, இரண்டு ஆண்டு தங்கலாம். பட்டப்படிப்பு தேவை. 2,530 பவுண்டு தொடர்ந்து 28 நாள் வங்கிக் கணக்கில் இருந்திருக்க வேண்டும். குலுக்கல் வழக்கமாக பிப்ரவரியிலும் ஜூலையிலும் நடக்கும், பதிவு இலவசம். பெயர் வந்தால் விசாக் கட்டணத்தோடு சுகாதாரக் கட்டணமும் உண்டு: ஆண்டுக்கு 776 பவுண்டு, இரண்டு ஆண்டுக்கும் சேர்த்து முன்கூட்டியே கட்ட வேண்டும். கேட்கப் பெரிய தொகைதான். ஆனால் அங்கே காய்ச்சல் வந்தால் அரசு மருத்துவமனைக்குப் போக அதுவே வழி.

குலுக்கலைக் கணினி நடத்துகிறது. "நம்ம ஆள் உள்ளே இருக்கான், பேர் வர வைக்கிறேன்" என்று பணம் கேட்பவர் யாராக இருந்தாலும் திரும்பி நடந்துவிடுங்கள். கட்டணமும் தேதியும் ஆண்டுக்கு ஆண்டு மாறும் என்பதால் அந்தந்த அரசின் இணையத்தளத்தைத் திறந்து நீங்களே படியுங்கள்.

மாம்பழத் தோப்பில் என் அண்ணன் மகள்

சிங்கப்பூர்ப் பிள்ளைகளுக்கும் அதே 462 விசா உண்டு. பலதுறைத் தொழிற்கல்லூரியில் டிப்ளோமா முடித்து, கொஞ்ச காலம் வேலை பார்த்த என் அண்ணன் மகள் அதில்தான் போனாள். "வீட்டுக்குக் காசு அனுப்ப மாட்டாளாம், அப்புறம் எதுக்கு அவ்வளவு தூரம்?" என்று அண்ணன் என்னிடம்தான் கேட்டார். அவளோ ஒரு நோட்டில் வரவையும் செலவையும் மாதவாரியாக எழுதி வைத்திருந்தாள். அதை வாங்கிப் படித்த பிறகு அண்ணன் ஒன்றும் சொல்லவில்லை.

இங்கிருந்து டார்வினுக்கு நாலரை மணி நேர விமானம். அங்கிருந்து தெற்கே முந்நூறு கிலோமீட்டருக்கு மேல் போனால் கேதரின் என்ற சிறிய ஊர். அக்டோபர், நவம்பரில் அங்கே மாம்பழ அறுவடை. அந்த வட்டாரத்தில் அதிகம் விளைவது கென்சிங்டன் பிரைட் என்ற வகை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இந்தியாவுக்குக் குதிரை ஏற்றிப்போன வணிகர்கள் மூலம் நம் பக்கத்திலிருந்து அங்கே போய் வேர்பிடித்த மரம் என்கிறார்கள்.

"அத்தை, வெயில்கூடப் பழகிடுச்சு. மாம்பால்தான் பயமா இருக்கு" என்று முதல் வாரத்தில் போன் செய்தாள். காம்பை ஒட்ட ஒடித்தால் பால் பீய்ச்சி அடிக்கும். பட்ட இடம் சிவந்து, கொப்புளித்துப் புண்ணாகும். பழத்தின் தோலும் கருகி விலை போகாது. அதனால் காம்பை நீளமாக விட்டுப் பறிக்கிறார்கள். தோப்பு வரிசைக்கு நடுவே மெல்ல ஊர்ந்து வரும் ஒரு வண்டியில் சலவைக் கரைசல் கலந்த தண்ணீர் இடைவிடாமல் தெளித்துக்கொண்டிருக்கும். அந்தத் தண்ணீருக்கு அடியில் வைத்துக் காம்பை ஒடித்தால் பால் கழுவிக்கொண்டு போய்விடும். முழுக்கைச் சட்டை, கையுறை, கண்ணாடி இல்லாமல் யாரும் மரத்தடிக்குப் போவதில்லை. இவளுக்கும் முழங்கையில் தழும்பு விழுந்தது. அறுவடை முடிந்ததும் அந்தச் சம்பளத்தில் கிழக்குக் கரை முழுக்கப் பஸ்ஸில் சுற்றினாள்.

அவள் வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே சம்பளச் சீட்டு கேட்டு வாங்கியதில் எனக்குப் பெருமை. ஆஸ்திரேலியாவில் குறைந்தபட்ச ஊதியம் 2025 ஜூலையில் மணிக்கு 24.95 டாலராக உயர்ந்தது. நாள்கூலியாகச் சேர்பவருக்கு அதற்கு மேல் 25 விழுக்காடு சேரும். எத்தனை கூடை பறித்தாயோ அதற்குத்தான் கூலி என்று பேசினாலும், 2022 ஏப்ரலிலிருந்து தோட்ட வேலைக்கு மணிக்கணக்கில் குறைந்தபட்ச உத்தரவாதம் உண்டு. இந்த விசாவில் போனவர்களுக்கு முதல் டாலரிலிருந்தே 15 விழுக்காடு வரி பிடிப்பார்கள். ஓய்வூதியக் கணக்கில் முதலாளி போடும் பணத்தை நாடு திரும்பும்போது கேட்டு வாங்கலாம், ஆனால் அதில் 65 விழுக்காடு வரியாகப் போய்விடும். ஆகவே அந்தப் பணத்தை நம்பி எதையும் திட்டமிட வேண்டாம்.

கிளம்பும் முன் முடிக்க வேண்டியவை

வயதை முதலில் பாருங்கள். ஆஸ்திரேலியா, பிரிட்டன் இரண்டுக்கும் 31ஆம் பிறந்தநாளுக்கு முன் விண்ணப்பித்தாக வேண்டும். "கல்யாணம், வேலை எல்லாம் ஆகட்டும், அப்புறம் போகலாம்" என்று தள்ளிப்போட்டால் கதவு சாத்திக்கொள்ளும். சிங்கப்பூர்த் தம்பிகள் தேசியச் சேவைக் கடமையையும், நீண்ட நாள் வெளியே தங்கத் தேவையான அனுமதியையும் முன்பே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

அடுத்தது பணம். விசா கேட்கும் தொகை சோற்றுக்கும் வாடகைக்கும் வைத்திருக்க வேண்டிய பணம். அதைத் தவிர, திரும்பி வர விமான டிக்கெட்டுக்கான பணத்தைத் தொடாமல் தனியே வையுங்கள். வேலை பிடிக்கவில்லை, முதலாளி சரியில்லை என்றால் தலை நிமிர்ந்து வீடு திரும்பும் தெம்பு அந்தப் பணத்தில் இருக்கிறது.

தங்குமிடத்துக்கு முதல் வாரத்துக்கு மட்டும் விடுதியில் பதிவு செய்யுங்கள். படத்தைப் பார்த்து முன்பணம் அனுப்பாதீர்கள். ஒவ்வொரு ஊருக்கும் ஒரு வாடகைச் சட்டம் உண்டு. சிங்கப்பூரில் வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) வீட்டில் அறை எடுத்தால் குறைந்தது ஆறு மாதம், தனியார் வீட்டில் மூன்று மாதம். இது தெரியாமல் வரும் ஐரோப்பியப் பிள்ளைகள்தான் எங்கள் அடுக்குக் கட்டிலிலேயே வாரக்கணக்கில் தங்கிவிடுகிறார்கள். இங்கே எல்லாருக்குமான குறைந்தபட்ச ஊதியச் சட்டமும் கிடையாது. ஆகவே சம்பளத்தை எழுத்தில் வாங்காமல் வேலையில் சேராதீர்கள் என்று அவர்களிடமும் சொல்வேன்.

பிறகு காப்பீடு. ஆஸ்திரேலியாவில் இந்தியருக்கோ சிங்கப்பூரருக்கோ அரசு மருத்துவச் சலுகை கிடையாது. ஏணியிலிருந்து விழுந்து ஒரு கை முறிந்தால் சேமிப்பு மொத்தமும் கரைந்துவிடும். வாங்கும் காப்பீட்டில் உடலுழைப்பு வேலையும் அடங்குமா என்று கேட்டு வாங்குங்கள். சுற்றுலாக் காப்பீடுகள் பலவற்றில் அது அடங்காது.

கடைசியாகக் கைத்தொழில். காபி போடப் பழகுவது, கார் ஓட்டும் உரிமம், முதலுதவிச் சான்றிதழ், நாலு பேருக்குச் சமைக்கத் தெரிவது. கேதரின் மாதிரி ஊரில் தோப்புக்குப் பஸ் கிடையாது. வண்டி ஓட்டத் தெரிந்தவருக்கு முதலில் வேலை கிடைக்கும்.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை. பிள்ளை ஒரு ஆண்டை வீணடிக்கப் போகிறது என்று எண்ண வேண்டாம். அந்நிய ஊரில் தானே வீடு பிடித்து, வரி கட்டி, சம்பளம் குறைந்தால் எதிர்த்துக் கேட்டு, கிடைத்ததில் சமைத்துச் சாப்பிட்டுத் திரும்பும் பிள்ளை எந்த வேலையிலும் நிமிர்ந்து நிற்கும். என் மேசைக்கு வரும் ஐரோப்பியப் பிள்ளைகளின் பெற்றோர் இதை நம்பித்தான் அனுப்பி வைக்கிறார்கள். நம் பிள்ளைகளுக்கும் அந்த ஒரு ஆண்டைக் கொடுக்கலாம்.

குலுக்கலில் பெயர் வராமலும் போகலாம், இடத்தைவிடக் கேட்பவர் பல மடங்கு அதிகம். அப்படியானாலும் சேர்த்த பணம் உங்கள் கணக்கில் இருக்கும், ஓட்டுநர் உரிமம் கையில் இருக்கும், தேர்வுக்குப் படித்த ஆங்கிலம் நாக்கில் இருக்கும். அடுத்த முறை அறிவிப்பு வரும்போது மறுபடி பதிவு செய்யுங்கள்.