அணைக்கட்டின் மேல் டிரோன் பறக்கலாமா?

விருத்தாசலத்துப் பீங்கான் தொழிற்பேட்டையில் உருவாகும் பொருள்களுள் பொம்மைகளும் அகல் விளக்குகளும் உண்டு; மின்சார ஃபியூசுக்கு வேண்டிய பீங்கான் பாகங்களும் உண்டு. மின்சாரம் வீட்டுக்கு ஒளி தருகிறது. ஆயினும் அது தன் வழியை விட்டு விலகாதிருக்கப் பீங்கான் வேண்டியிருக்கிறது. விஞ்ஞானம் நமக்கு அளிக்கும் ஒவ்வொரு சாதனத்துக்கும் இத்தகைய காப்பு ஒன்று தேவை. இன்று நம் கிராமங்களுக்கும் வந்துவிட்ட டிரோன் என்னும் ஆளில்லா விமானத்துக்கு விதிகளே அக்காப்பு. அவற்றை எளிய முறையில் விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

டிரோனால் விளையும் நன்மைகள் பல. வயல்களில் மருந்து தெளிக்க அது பயன்படுகிறது. கிராமக் குடியிருப்பு மனைகளை டிரோன் கொண்டு அளக்கும் சுவாமித்வா திட்டத்தை மத்திய அரசு 2020ஆம் ஆண்டு ஏப்ரல் 24ஆம் நாள் தொடங்கிற்று. மகளிர் சுய உதவிக் குழுக்கள் 15,000க்கு டிரோன் வழங்கும் திட்டத்துக்கு 2023இல் ஒப்புதல் கிடைத்தது. ஆகவே டிரோனை ஒதுக்க வேண்டும் என்று நாம் கூறவில்லை. எங்கே பறக்க விடுவது என்பதை அறிந்து பறக்க விடுக என்றே வேண்டுகிறோம்.

நம் வட்டாரத்தின் நிலை

வெள்ளாற்று நீரைத் தொழுதூர் அணைக்கட்டிலிருந்து பெறும் வெலிங்டன் நீர்த்தேக்கம் 1923இல் கட்டி முடிக்கப்பட்டது. ஏறத்தாழ 24,000 ஏக்கர் நிலம் அதன் பாசனத்தை நம்பியிருக்கிறது. வீராணம் ஏரியின் நீர் நம் மாவட்டத்து வயல்களுக்குப் பாய்வதோடு, 2004 முதல் சென்னை மக்களின் தாகத்தையும் தணித்து வருகிறது. அருகிலுள்ள நெய்வேலியிலோ சுரங்கங்களும் அனல்மின் நிலையங்களும் இருக்கின்றன. இவையெல்லாம் பொதுமக்களின் சொத்து. இவற்றுக்கு நேரும் சிறு இடையூறும் பல்லாயிரம் குடும்பங்களைப் பாதிக்கும்.

மழைக்காலத்தில் ஏரி நிறைந்தால் மக்கள் திரண்டு வந்து பார்ப்பது இயல்பு. அவ்வேளையில் இளைஞர் சிலர் டிரோனைப் பறக்கவிட்டுப் படம் எடுக்க விரும்புகின்றனர். இதில் என்ன தீங்கு என்ற கேள்வி எழலாம்.

தீங்கு மூவகைப்படும். முதலாவது, பாட்டரி தீர்ந்தாலோ காற்று வேகமாக வீசினாலோ டிரோன் கீழே விழும். கரையில் கூட்டம் நிற்கும்போது, சுழலும் அதன் இறக்கைகள் கண்ணையும் முகத்தையும் காயப்படுத்தக்கூடும். மதகைத் திறக்கும் ஊழியரின் கவனமும் சிதறும். இரண்டாவது, வெள்ளக் காலத்தில் மீட்புப் பணிக்கு வரும் ஹெலிகாப்டருக்கு அது தடையாகும். அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் 2025 ஜனவரி 9ஆம் நாள், காட்டுத் தீயை அணைத்துக்கொண்டிருந்த விமானத்தின் மீது ஒருவர் பறக்கவிட்ட சிறு டிரோன் மோதிற்று. இறக்கையில் ஏறத்தாழ 3 அங்குல அகலமும் 6 அங்குல நீளமும் உள்ள துளை விழுந்தது. அவ்விமானம் பணியிலிருந்து விலக்கப்பட்டது. பறக்கவிட்டவர் கெடுதல் நினைத்தவர் அல்லர். தொலைவில் அனுப்பித் தம் பார்வையிலிருந்து தவறவிட்டார், அவ்வளவே.

மூன்றாவது, நாட்டின் பாதுகாப்பு. 2021 ஜூன் 27ஆம் நாள் ஜம்முவிலுள்ள விமானப்படை நிலையத்தின் மீது டிரோன் மூலம் வெடிபொருள்கள் வீசப்பட்டன. வானில் பறப்பது விளையாட்டுப் பொருளா, பகைவனின் கருவியா என்பதைக் காவல் நிற்போர் கீழிருந்து அறிய இயலாது. ஆதலால் அவர்கள் ஐயுறுவதில் தவறில்லை.

விதிகள் கூறுவது யாது?

இந்திய அரசின் டிரோன் விதிகள் 2021 ஆகஸ்ட் 25இல் வெளியாயின. அவை வான்வெளியைப் பச்சை, மஞ்சள், சிவப்பு என மூன்று மண்டலங்களாகப் பிரிக்கின்றன. பச்சை மண்டலத்தில் பொதுவாக 400 அடி, அதாவது 120 மீட்டர் உயரம் வரை முன்அனுமதியின்றிப் பறக்கவிடலாம். மஞ்சள் மண்டலத்தில் விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டு அதிகாரியின் அனுமதி வேண்டும். சிவப்பு மண்டலத்தில் மத்திய அரசின் அனுமதியின்றிப் பறத்தல் கூடாது. இவை தவிர, அவசர காலத்தில் காவல்துறைக் கண்காணிப்பாளர் நிலைக்குக் குறையாத அதிகாரி, ஓரிடத்தை ஒரு தடவைக்கு 96 மணி நேரம் வரை தற்காலிகச் சிவப்பு மண்டலமாக அறிவிக்கலாம். எனவே நேற்றுப் பச்சையாயிருந்த இடம் இன்று சிவப்பாகலாம். ஒவ்வொரு முறையும் பறக்கவிடுமுன் ‘டிஜிட்டல் ஸ்கை’ தளத்தைப் பார்த்தல் கட்டாயம்.

டிரோனைப் பதிவு செய்து தனி அடையாள எண் பெறுதலும் வேண்டும். 250 கிராம் வரையுள்ளவற்றுக்கும், வாணிப நோக்கமின்றி இயக்கப்படும் 2 கிலோ வரையுள்ளவற்றுக்கும் இயக்குநர் சான்றிதழ் தேவையில்லை. சான்றிதழ் தேவையில்லை என்பதனால் மண்டல விதிகள் பொருந்தா என்று எண்ணிவிடலாகாது. விதியை மீறுவோர்க்கு ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்க இடமுண்டு.

இங்கே ஓர் ஐயம் எழலாம். அணையின் மேல் உள்ள வான்வெளி வரைபடத்தில் பச்சையாகவே இருந்தால் என் செய்வது? பச்சை என்பது வான்வெளியைப் பற்றிய குறிப்பே. அணையும் கரையும் மதகும் நீர்வளத்துறையின் பொறுப்பில் உள்ளவை. ஆகவே அங்குள்ள பொறியாளரிடம் முன்கூட்டியே கேட்டறிதலே முறை. ஒரு கடிதம் எழுதுவதால் நமக்குக் குறைவொன்றும் இல்லை.

இதனை நாமும் அனுபவத்தாலேயே அறிந்தோம். முன்னர் நாம் பணியாற்றிய ஓர் ஒன்றியத்தில், ஏரிக்கரைப் பணி முடிவுற்றதும் படம் எடுக்க ஒரு புகைப்படக்காரரை அழைத்தோம். அவருடைய டிரோனுக்கு அடையாள எண் உண்டா என்று நாம் கேட்கவில்லை, வரைபடத்தையும் பார்க்கவில்லை. மதகருகே நின்ற மக்களின் தலைக்கு மேல் அது தடுமாறி, கரைச் சரிவில் விழுந்தது. நல்லூழால் எவர்க்கும் காயமில்லை. ஆயினும் அதற்கு இரண்டு கெஜ தூரத்தில் ஒரு தாய் கைக்குழந்தையோடு நின்றிருந்தார். அக்காட்சி இன்னும் நம் நினைவை விட்டு அகலவில்லை. விதியை எடுத்துச் சொல்ல வேண்டிய நாமே அதனைப் படித்திருக்கவில்லை என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

ஊராட்சிகள் செய்யத் தக்கவை

மார்ச் 22, உலகத் தண்ணீர் நாளன்று கூடும் கிராம சபையிலும், மழைக்கு முன்னர் அக்டோபர் 2இல் கூடும் கிராம சபையிலும் இவ்விதிகளைப் படித்துக் காட்டலாம். நீர்வளத்துறையின் இசைவு பெற்று ஏரிக்கரையில் அறிவிப்புப் பலகை வைக்கலாம். திருமணத்துக்கும் திருவிழாவுக்கும் படம் எடுக்கும் தொழிலாளரை அழைத்து, அடையாள எண் பெறும் முறையை விளக்கலாம். எவரேனும் விதி மீறிப் பறக்கவிடக் கண்டால் கல்லெறிதலோ கருவியைப் பறித்தலோ வேண்டா; காவல் நிலையத்துக்குத் தெரிவித்தலே போதும். பெரும்பாலோர் அறியாமையால் தவறுவோரே. அவர்களுக்கு முதலில் வேண்டியது அறிவுரை.

படம் எடுக்க விரும்பும் இளைஞர்களுக்கு ஒரு வார்த்தை. ஏரி நிறைந்த அழகைக் கரையில் நின்றும் படம் எடுக்கலாம். வானிலிருந்தே எடுக்க வேண்டுமாயின், வரைபடத்தைப் பாருங்கள், பொறியாளரைக் கேளுங்கள், மக்கள் கூட்டத்தை விட்டு விலகி, கண்ணுக்கெட்டும் தூரத்துக்குள் பறக்கவிடுங்கள். இவ்வளவும் செய்தால் உங்கள் கருவியும் உங்களிடமே இருக்கும். கரையில் நிற்போரும் அச்சமின்றி நிற்பர்.