பதிவேட்டில் பெயர், தறியில் ஆள்

களியக்காவிளையைக் கடந்து பாறசாலைக்குள் நுழையும் அன்பர், கடைப் பலகைகளின் எழுத்து மாறுவதைக் கண்டே மாநிலம் மாறியதை உணர்வார். பேச்சிலோ அம்மாற்றம் அத்துணை விரைவில் புலப்படாது. தமிழ்ப் பகுதியோடு சேர வேண்டுமெனத் திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் கோரிய நெய்யாற்றின்கரை வட்டம், 1956 நவம்பர் 1 அன்று விளவங்கோடும் கல்குளமும் சென்னை மாநிலத்தோடு இணைந்தபோது, கேரளத்திலேயே நின்றுவிட்டது. அவ்வட்டத்தில் அமரவிளையருகே நெய்யாற்றைத் தாண்டித் திருவனந்தபுரம் சாலையில் மேலும் சென்றால் பாலராமபுரம் வரும். சங்கம் நடத்தும் நம்மவர் ஒருமுறையேனும் சென்று காண வேண்டிய ஊர் அது.

பாலராம வர்மர் திருவிதாங்கூரை ஆண்ட காலத்தில் (1798–1810), அரச குடும்பத்துக்கு மெல்லிய ஆடை நெய்வதற்கெனத் தென் தமிழ்நாட்டிலிருந்து சாலியர் குடும்பங்கள் அங்கே குடியேற்றப்பட்டன. ஒற்றைத் தெரு, இரட்டைத் தெரு, விநாயகர் தெரு, புதுத் தெரு என்று அவர்களுடைய தெருக்கள் இன்றும் வழங்குகின்றன. பின்னர் அக்கலை சுற்றுக் கிராமங்களுக்கும் பரவி, பல சமூகத்தாரும் தறியில் அமர்ந்தனர். நம்மைப்போல் எல்லை கடந்து வந்தவர்களே அச்சாலியரும். அன்று இவ்வெல்லை இல்லை என்பது வேறு.

அவர்களைச் சேர்த்துப் பிடித்தது எது? குழித்தறியில் ஒருவர் தனியே அமர்ந்து நெய்யலாம். பாவுக்குக் கஞ்சி போடும் வேலையைத் தனியே செய்ய இயலாது. விடியற்காலையில் பாவைத் தெருவின் நீளத்துக்கு விரித்துக் கட்டி, அரிசிக் கஞ்சி தடவி, பலர் கூடித் தூரிகையால் நீவி, இழைகள் ஒட்டிக்கொள்ளாமல் பிரித்து, வெயில் ஏறுமுன் முடித்தாக வேண்டும். இன்று என் பாவுக்கு நீர், நாளை உம் பாவுக்கு நான். வராதவர் யார் என்பது அன்று காலையே தெருவுக்குத் தெரிந்துவிடும்.

கூட்டுறவுச் சங்கங்கள் பின்னர் வந்தவை. அவற்றுக்குத் தலைமைச் சங்கமான ஹான்டெக்ஸ் 1961-இல் அமைந்தது. வீட்டுத்தறிச் சங்கங்களில், அங்கத்தினர் சங்கத்தில் நூல் பெற்று வீட்டில் நெய்து, துணியை ஒப்படைத்துக் கூலி பெறுவார். நூல் வரத் தாமதித்தால் அவர் தனியார் முதலாளியிடம் பாவு வாங்குவார்; கூலியும் தங்கினால் கட்டட வேலைக்குப் போய்விடுவார். சண்டையிட்டு விலகுவதில்லை, விலகல் கடிதம் எழுதுவதுமில்லை. பங்குத்தொகை சங்கத்தில் கிடக்கும், பெயர் பதிவேட்டில் இருக்கும், ஆண்டறிக்கையில் அங்கத்தினர் தொகை குறையாது. கேரளத்தில் இவ்வாறு பெயரளவில் நிற்கும் நெசவாளர் சங்கங்கள் பல.

2009-இல் பாலராமபுரத் துணிக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. பெருமைதான், ஆயினும் பெருமை யாரையும் தறியில் அமர்த்தி வைப்பதில்லை. பள்ளிக் குழந்தைகளுக்கு இலவசக் கைத்தறிச் சீருடை வழங்கும் திட்டத்தைக் கேரள அரசு 2016–17-இல் தொடங்கியபோது, தறியை விட்டவர் பலர் திரும்பினர். தொடர்ந்து வேலை உண்டு என்னும் நம்பிக்கையே அவர்களை அழைத்து வந்தது. பின்னாளில் அக்கூலியே மாதக்கணக்கில் நிலுவையானபோது, திரும்பியவருள் சிலர் மறுபடியும் வேறு வேலை தேடினர்.

நிற்க. 1844-இல் இங்கிலாந்தின் ராச்டேல் நகரில் 28 பேர் கூடிக் கூட்டுறவுக் கடை தொடங்கினர். அவர்களுள்ளும் நெசவாளர் இருந்தனர். வாங்கிய அளவுக்கேற்ப இலாபத்தில் பங்கு, ஆளுக்கொரு வாக்கு என்று வைத்ததோடு நில்லாமல், பின்னர் இலாபத்தில் நூற்றுக்கு இரண்டரை கல்விக்கென ஒதுக்கிப் படிப்பகமும் நடத்தினர். பொருள் வாங்க வேண்டாத நாளிலும் அங்கத்தினர் சங்கத்துக்கு வரக் காரணம் இருந்தது.

நம் தொழிற் சங்கங்களும் ஊர்ச் சங்கங்களும் புதியவரைச் சேர்ப்பதில் காட்டும் ஊக்கத்தில் பாதியையேனும் பழையவரிடம் காட்டுகின்றனவா? பொங்கல் விழா அழைப்பும் சந்தா நினைவூட்டலும் தவிர வேறு கடிதம் காணாத வீடுகள் நம்மிடையே உள்ளன. (காரியதரிசிகள் பொறுத்தருள்க, அடியேனும் அப்பதவியில் இருந்தவனே.) முன்பு வந்து இப்போது வராதவர் பட்டியலை எடுத்துக்கொண்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை மூன்று வீடுகளுக்குச் செல்லலாம். ரசீதுப் புத்தகத்தை வீட்டிலேயே வைத்துவிட்டுச் செல்வது நலம். கணக்கர் ஒருவர் இருந்தால் தணிக்கையை அவரிடம் ஒப்படைக்கலாம். ஆசிரியை இருந்தால் குழந்தைகளின் தமிழ் வகுப்பை. எதுவும் வேண்டாம் என்பவரிடம், ஏன் வருவதை நிறுத்தினார் என்று வினவி, அவர் சொல்வதை முழுவதும் கேட்டுவிட்டுத் திரும்பலாம்.