ஒரு பண்டல் புத்தகம்

கோவில்பட்டியில் 600 தீப்பெட்டி சேர்ந்தால் ஒரு பண்டல். 20 வயதில் வாசிக்கத் தொடங்கி 60 வரைக்கும் விடாமல் வாசிக்கிற ஒருவர் முடிக்கும் புத்தகங்களும் ஏறத்தாழ 600தான். அதற்கு எவ்வளவு நேரம், எவ்வளவு பணம், முதலில் எந்தப் புத்தகத்தை எடுப்பது என்று கேட்கிற இளைஞர்களுக்காக இந்த வரவு செலவை எழுதுகிறேன்.

நேரம்

ஒரு நாளைக்கு 10 பக்கம் என்று வைத்துக்கொள்வோம். புதிதாக வாசிக்க வருகிறவருக்கும் பக்கத்துக்கு 2 நிமிஷம் போதும். வருஷத்தில் 365 நாளும் நடக்காது. ஊர்க்கொடை, கல்யாணம், காய்ச்சல், களையெடுப்பு, பருத்தியெடுப்பு என்று 65 நாளைக் கழித்துவிடலாம்.

ஒரு நாள்: 10 பக்கம், 20 நிமிஷம்
ஒரு வருஷம் (300 நாள்): 3,000 பக்கம், 100 மணி நேரம்
200 பக்கப் புத்தகமாக: வருஷத்துக்கு 15
40 வருஷம்: 600

ஒரு வருஷத்துக்கு 8,760 மணி நேரம். அதில் 100 என்பது நூற்றில் ஒன்றேகால் பங்குகூட இல்லை. மறுபக்கம், ஆயுள் முழுக்கப் படித்தாலும் 600தான் என்பது மலைக்க வைக்கிறது. ஒரு புத்தகக் கண்காட்சியில் நாலு அரங்கைச் சுற்றினாலே அதைவிட அதிகமான தலைப்புகள் கண்ணில் படும். தேர்வு முக்கியமாவது இதனால்தான்.

பணம்

சமீபத்தில் வாங்கிய தமிழ் நாவல்களின் விலையைப் பக்கத்தால் வகுத்துப் பார்த்தேன். பக்கத்துக்கு ஒன்றேகால் ரூபாயை ஒட்டி வருகிறது. அப்படியானால் 200 பக்கப் புத்தகம் 250 ரூபாய். அச்சுப் புத்தகத்துக்கு ஜிஎஸ்டி கிடையாது. கண்காட்சிகளில் வழக்கமாக 10 சதவீதம் தள்ளுபடி உண்டு.

நம்மூர் அளவையில் சொல்வதென்றால், தீப்பெட்டியின் விலை 14 வருஷத்துக்குப் பிறகு 2021 டிசம்பர் 1 முதல் ஒரு ரூபாயிலிருந்து 2 ரூபாயானது. குச்சி 36லிருந்து 50 ஆனது. 250 ரூபாய்ப் புத்தகம் 125 தீப்பெட்டிக்குச் சமம், 6,250 குச்சி. கூலியில் பார்த்தால், நூறு நாள் வேலைக்குத் தமிழ்நாட்டில் 2025-26ல் நிர்ணயித்த நாள் கூலி 336 ரூபாய். ஒரு புத்தகம் முக்கால் நாள் உழைப்பு. 15 புத்தகத்தையும் தள்ளுபடியில் வாங்கினால் 3,375 ரூபாய். பத்து நாள் கூலி.

கரிசல் வீட்டில் பத்து நாள் கூலி சின்னத் தொகை இல்லை. “நாலு புத்தகம் வாங்கிப் படி” என்று யாரும் எளிதாகச் சொல்லிவிட்டுப் போகக் கூடாது. ஆனால் நாம் ஏற்கெனவே கட்டிய பணம் ஒன்று இருக்கிறது. 1948ஆம் ஆண்டின் பொது நூலகச் சட்டப்படி சொத்து வரியோடு நூலக வரியும் வசூலாகிறது; இப்போது ரூபாய்க்கு 10 காசு. 1,000 ரூபாய் வரி கட்டும் வீடு நூலகத்துக்கு 100 ரூபாய் கொடுத்திருக்கிறது. நூலகத்தில் புத்தகம் எடுப்பது, நம் பணத்தை நாமே திரும்ப எடுப்பதுதான்.

நூலகத்திலிருந்து 10: புத்தகச் செலவு இல்லை
சொந்தமாக 5: 1,250 ரூபாய்
தள்ளுபடி: 125 ரூபாய்
ஒரு வருஷச் செலவு: 1,125 ரூபாய்

மாதத்துக்கு 94 ரூபாய். ஒரு பண்டல் தீப்பெட்டியின் சில்லறை விலையான 1,200ஐக்கூட வருஷச் செலவு தொடவில்லை.

முதல் 100 நாள்

தொடக்கத்தில் செய்யும் தவறு பெரும்பாலும் ஒன்றுதான். ஊரே மெச்சுகிற தடிமனான புத்தகத்தை முதலில் தூக்குவது. கம்பராமாயணத்தில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட பாடல்கள். நாளுக்குப் பத்துப் பாட்டு என்றாலும் மூன்று வருஷத்துக்கு மேல் ஆகும். அது 30 வயதுக்கு மேல் சேர வேண்டிய சொத்து. முதல் புத்தகத்துக்கு ஒரே ஒரு வேலை உண்டு: நம்மை இரண்டாவது புத்தகத்திடம் கொண்டுபோய் விட வேண்டும்.

அதற்குச் சிறுகதையே ஏற்றது. ஒரு கதை 10 பக்கம் என்றால் ஒரு நாள் பாடு. அன்றைக்கே தொடங்கி அன்றைக்கே முடித்த திருப்தி கிடைக்கிறது. இந்த விஷயத்தில் கோவில்பட்டிக்காரர்களுக்குக் கொடுப்பினை அதிகம். பக்கத்து இடைசெவலில் 1923 செப்டம்பர் 16ல் கி.ராஜநாராயணன் பிறந்தார், ஏழு நாள் கழித்து, அதே ஊரில் கு.அழகிரிசாமி. ஒரே கிராமத்துக்கு இரண்டு சாகித்திய அகாதமி விருதுகள்: 1970ல் கு.அழகிரிசாமியின் ‘அன்பளிப்பு’, 1991ல் கி.ரா.வின் ‘கோபல்லபுரத்து மக்கள்’. பிறகு 2014ல் பூமணியின் ‘அஞ்ஞாடி’, 2019ல் சோ.தர்மனின் ‘சூல்’. கோவில்பட்டியைச் சுற்றியுள்ள நிலத்துக்கு மட்டும் நான்கு.

முதல் நாள் கி.ரா.வின் ‘கதவு’. தீர்வை கட்டாததால் வீட்டுக் கதவைப் பெயர்த்துக்கொண்டு போகிறார்கள். அந்தக் கதவில் பஸ் விளையாடிய பிள்ளைகள் தவித்துப்போகிறார்கள். இரண்டாம் நாள் கு.அழகிரிசாமியின் ‘ராஜா வந்திருக்கிறார்’. தீபாவளிக்குத் துணியில்லாத ஒரு பையனை, தானே வறுமையில் இருக்கும் ஒரு வீடு சேர்த்துக்கொள்கிறது. அகராதி தேவைப்படாது. அந்தக் கதைகளில் பேசுவது நம் வீட்டுப் பேச்சு. கண் எழுத்தில் ஓடும்போதே காதில் பாட்டி குரல் கேட்கும். புதிய வாசகரைப் பிடித்து நிறுத்துவது அதுதான்.

100 நாளில் 1,000 பக்கம். ஐந்து சிறுகதைத் தொகுப்பு முடிந்திருக்கும்.

அடுத்த 200 நாள்

இனி சிறிய நாவல். பறவைகளின் பின்னால் அலையும் பையனைச் சொல்லும் கி.ரா.வின் ‘பிஞ்சுகள்’. கொலை செய்துவிட்டுத் தந்தையோடு காட்டில் மறைந்து திரியும் 15 வயதுப் பையனின் கதையான பூமணியின் ‘வெக்கை’, 1982ல் வந்தது. சினிமாவில் ‘அசுரன்’ பார்த்தவர்களுக்கு அதன் மூலக்கதையைப் படிக்கும் ஆவல் ஏற்கெனவே இருக்கும். அந்த ஆவலே வாசலாகட்டும்.

‘அஞ்ஞாடி’ ஆயிரம் பக்கத்தைத் தாண்டும். நம் கணக்கில் 100 நாளுக்கு மேல். அதை இரண்டாம் வருஷத்துக்கு வைக்கலாம், அப்போதும் தனியாக வேண்டாம். கரிசலில் ஐந்து மாதப் பருத்திக்கு ஊடே 70 நாள் உளுந்தை விதைப்பார்கள். பருத்தி வெடிக்கும் முன்பே உளுந்து வீடு வந்து சேரும். பெரிய நாவலுக்கு ஊடே வாரம் ஒரு சிறுகதை வைத்தால் மனம் சோராது.

குழந்தைகளுக்கும் இதே படிவரிசைதான். பள்ளிக்கல்வித்துறையின் வாசிப்பு இயக்கம் தன் புத்தகங்களை ‘நுழை, நட, ஓடு, பற’ என்று நான்காகப் பிரித்திருக்கிறது. பெரியவர்களுக்கும் அந்த நான்கு சொல் பொருந்தும். நுழையாமல் ஓடப் பார்ப்பதுதான் பலரை வாசலோடு திருப்பி அனுப்புகிறது.

கழிவு

எல்லா விதையும் முளைக்காது. ஒரு புத்தகத்துக்கு மூன்று நாள் கொடுங்கள்; 30 பக்கம், ஒரு மணி நேரம். அதற்குள் இழுக்கவில்லையென்றால் மூடிவிட்டு அடுத்ததை எடுங்கள். வருஷத்துக்கு ஆறு புத்தகத்தை இப்படிக் கைவிட்டாலும் நஷ்டம் 180 பக்கம். 3,000ல் 6 சதவீதம். பிடிக்காத ஒரு புத்தகத்தைப் பிடிவாதமாக வைத்துக்கொண்டு மூன்று மாதம் எதையும் படிக்காமல் இருந்தால் நஷ்டம் 25 சதவீதம். மானாவாரி விவசாயி முளைக்காத இடத்தில் திரும்ப விதைப்பாரே தவிர, விதையைத் திட்டிக்கொண்டு நிற்க மாட்டார்.

வரவு

சொந்தமாக வாங்கும் ஐந்தில் ஒன்றை ஒரு பிள்ளைக்குக் கொடுத்துவிடுங்கள். கொடுக்கும்போது முதல் பக்கத்தில் அந்தப் பிள்ளையின் பெயரை எழுதுங்கள். ‘அன்பளிப்பு’ கதையில் வரும் சாரங்கன், மற்ற பிள்ளைகளுக்குக் கிடைத்த பரிசு தனக்குக் கிடைக்காமல், தானே ஒரு டைரியை நீட்டித் தன் பெயரை எழுதித் தரச் சொல்கிறான். ஒரு பிள்ளை எதற்கு ஏங்குகிறது என்பதை அதைவிட நன்றாகச் சொன்ன கதையை நான் படித்ததில்லை.

வருஷத்துக்கு ஒரு பிள்ளை என்றால் 40 வருஷத்தில் 40 பிள்ளைகள். நாலில் ஒருவர் வாசிப்பில் நிலைத்தாலும் 10 பேர், ஆளுக்கு 600. ஒரு பண்டல் வாசித்தவர் பத்துப் பண்டலை ஊரில் விட்டுப் போகிறார். செலவு: நாளுக்கு 20 நிமிஷம், மாதத்துக்கு 94 ரூபாய்.