சிறுநீரகத்தின் மேல் ஒரு குல்லாய்

சிறுநீரகங்கள் இரண்டின் தலையிலும் குல்லாய் வைத்தாற்போல் அமர்ந்திருப்பவை அட்ரீனல் சுரப்பிகள். ஒவ்வொன்றும் நான்கைந்து கிராம் எடைதான். இவற்றின் புறணியில் ஊறும் இயக்குநீர்களையே கார்ட்டிகோஸ்டீராய்டுகள் என்கிறோம். அவற்றுள் ஆல்டோஸ்டீரான் உடலின் உப்பையும் நீரையும் கவனித்துக்கொள்கிறது. நான் சொல்ல வந்தது கார்ட்டிசாலைப் பற்றி.

கார்ட்டிசால் கொழுப்பில் கரையும் பொருள். ஆகவே செல்லின் சவ்வைத் தடையின்றிக் கடந்து, உள்ளே தனக்கென்று காத்திருக்கும் ஏற்பிப் புரதத்துடன் கூடி, உட்கருவில் புகுந்து சில ஜீன்களைத் தூண்டும், சிலவற்றை அடக்கும். கல்லீரலில் சர்க்கரை உற்பத்தி கூடுகிறது. தசைப் புரதம் கரைகிறது. வீக்கமும் வலியும் உண்டாக்கும் பொருள்கள் குறைகின்றன. இறுதியாகச் சொன்ன குணத்தால்தான் இவ்வினம் மருந்தாயிற்று. 1948-இல் அமெரிக்காவின் மேயோ மருத்துவமனையில் முடக்குவாத நோயாளிக்குக் கார்ட்டிசோன் முதன்முதலாகக் கொடுக்கப்பட்டது. 1950-இல் கெண்டல், ரைக்ஸ்டீன், ஹென்ச் மூவரும் நோபல் பரிசு பெற்றனர்.

2020-இல் இங்கிலாந்தில் நடந்த ஆய்வில், நாளொன்றுக்கு 6 மில்லிகிராம் டெக்சாமெத்தசோன், செயற்கைச் சுவாசத்திலிருந்த கொரோனா நோயாளிகளின் இறப்பை ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைத்தது. பிராணவாயு தேவைப்படாதவர்களுக்கோ அதனால் நன்மையில்லை. இந்தப் பின்பகுதியைப் பலர் படிக்கவில்லை போலும்! மறு ஆண்டே கருப்புப் பூஞ்சை பரவியது. சர்க்கரை நோயும் அளவின்றிக் கொடுக்கப்பட்ட ஸ்டீராய்டும் சேர்ந்ததே முக்கிய காரணம் என்றனர் மருத்துவர்கள். கண்டறிந்தால் அரசுக்குத் தெரிவித்தே ஆகவேண்டிய நோய் என்று 2021 மே மாதம் தமிழக அரசு அதனை அறிவித்தது.

எங்கள் கம்மாபுரம் பக்கம் நடவு, களையெடுப்பு என்று குனிந்தே உழைப்பவர்களுக்கு மூட்டுவலி புதிதன்று. என் பெரியம்மா பொட்டலத்தில் வாங்கி விழுங்கிய 'வலி மாத்திரை' மந்திரம்போல் கேட்டது. நான்கைந்து மாதத்தில் முகம் உருண்டு பூரித்தது, "உடம்பு தேறிவிட்டதே!" என்று தெருவே மகிழ்ந்தது. கைகால்கள் மெலிந்ததை யாரும் கவனிக்கவில்லை. கொழுப்பு முகத்திலும் பிடரியிலும் சேர்வது, தோல் மெலிந்து தொட்ட இடமெல்லாம் கன்றுவது, எலும்பில் சுண்ணாம்புச்சத்து குறைவது எல்லாம் மிகையான ஸ்டீராய்டின் அடையாளங்கள்.

இதனினும் நுட்பமான ஆபத்தொன்று உண்டு. மேல்நிலைத் தொட்டி நிரம்பியதும் மோட்டாரை நிறுத்துகிறோம் அல்லவா? அதுபோல, இரத்தத்தில் கார்ட்டிசால் போதிய அளவு இருந்தால், பிட்யூட்டரி சுரப்பி அட்ரீனலுக்கு ஏவல் அனுப்புவதைக் குறைத்துவிடும். தானே ஊறியதா, மாத்திரையாக வந்ததா என்ற பேதம் அதற்கில்லை. மாதக்கணக்கில் மாத்திரை விழுங்கினால், ஏவலின்றிக் கிடக்கும் புறணி சுருங்கிவிடும். அந்நிலையில் திடீரென்று மாத்திரையை நிறுத்தினாலோ இரத்த அழுத்தம் விழும். வாந்தியும் மயக்கமும் வந்து உயிருக்கே ஆபத்தாகலாம்.

விவரம் தெரிந்ததும் "குப்பையில் போடு" என்றுதான் எங்கள் வீட்டிலும் சொன்னார்கள். அரசு மருத்துவர் ஒருவர் தடுத்து, அளவறிந்த மாத்திரை எழுதிக்கொடுத்து, அதைச் சிறிது சிறிதாகக் குறைத்தே நிறுத்தினார். சுருங்கிய சுரப்பி விழித்தெழ அத்தனை மாதம் வேண்டியிருந்தது.

நண்பர்களே, விடுமுறைக்கு ஊர் செல்லும்போது வீட்டு மாடத்தில் இருக்கும் மாத்திரைகளைப் பாருங்கள். பிரெட்னிசோலோன், டெக்சாமெத்தசோன், பெட்டாமெத்தசோன் என்ற பெயர்களில் ஒன்று இருந்தாலோ, பெயரே இல்லாத பொட்டலமாக இருந்தாலோ, எறிந்துவிடாமல் அப்படியே மருத்துவரிடம் எடுத்துச் செல்லுங்கள்.